நினைவும் வேண்டும், மறதியும் வேண்டும்!

கம்ப்யூட்டருக்குத் தானாக எதுவும் தெரியாது. "முதலில் இதைச் செய். பிறகு அதைச் செய். கணக்கு இடித்தால் நிறுத்து" என்று வரிவரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுப்பதற்குப் "புரோகிராம்" என்று பெயர்.

ரெயில் டிக்கெட், பாங்கிக் கணக்கு, மின்சாரக் கட்டணம், ஆஸ்பத்திரிப் பில் ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னால் புரோகிராம் இருக்கிறது. அதில் ஒரு வரி தப்பினால் ஒரு குடும்பத்தின் பணம் தப்பிப் போகலாம்.

புரோகிராம் எழுதுவது மனிதர்கள் வேலை. சென்னையிலும் கோவையிலும் ஏராளமான ஆண்களும் பெண்களும் இந்த வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள்.

இப்போது இவர்களுக்கு ஓர் உதவியாள் கிடைத்திருக்கிறது. அது மனிதன் அல்ல, எந்திரம்! "ஏ.ஐ." என்று சொல்லப்படும் செயற்கை அறிவு.

2021-ம் ஆண்டு ஜூன் மாதம் "கிட்ஹப் கோபைலட்" என்ற உதவி எந்திரம் சோதனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு எல்லோருக்கும் கிடைத்தது. அது, மனிதன் ஒரு வரி எழுதினால் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தது. 2025-ல் "கிளாட் கோட்" போன்றவை வந்தன. இவை இன்னும் ஒரு படி மேலே போயின. வேலையைச் சொன்னால் போதும். தாமே கோப்புகளைப் படிக்கின்றன, திருத்துகின்றன, சோதித்தும் பார்க்கின்றன.

இந்த உதவியாளுக்கு நினைவு எவ்வளவு இருக்க வேண்டும்? நேற்று நடந்ததை இன்று எப்படி உபயோகிக்க வேண்டும்? இது கம்ப்யூட்டர்காரர்களின் கேள்வி மட்டும் அல்ல. புரோகிராமை நம்பிப் பணம் போடுகிறவர்கள், பிரயாணம் செய்கிறவர்கள், மருந்து வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

தினமும் புது ஆள்

ஏ.ஐ. எந்திரம் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பயிற்சி பெறுகிறது. பயிற்சி முடிந்த பிறகு அதன் அறிவு அப்படியே நிற்கிறது. தினமும் நடக்கும் பேச்சால் அது மாறுவது இல்லை.

அப்படியானால் பேசிக்கொண்டு இருக்கும்போது, சற்று முன் சொன்னது அதற்கு எப்படித் தெரிகிறது?

அந்தப் பேச்சு முழுவதும் அதன் கண் முன்னால் விரித்து வைக்கப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறது. எழுதுகிற மேஜை போன்றது அது. மேஜை மீது இருப்பது தெரியும். மேஜையில் இல்லாதது தெரியாது.

2020-ல் வந்த "ஜிபிடி-3" என்ற எந்திரத்தின் மேஜையில் சுமார் 2 ஆயிரம் சொல் துண்டுகள்தான் இடம் பிடிக்கும். 2024-ல் வந்த "ஜெமினி 1.5 புரோ" என்பதில் 10 லட்சம் சொல் துண்டுகள் வைக்கலாம் என்றார்கள். மேஜை பெரிதாகிவிட்டது. ஆனால் வேலை முடிந்ததும் மேஜை துடைக்கப்படுகிறது. மறுநாள் காலையில் எந்திரம் புது ஆளாக வந்து நிற்கிறது.

"இங்கே தேதியை இப்படித்தான் எழுதுவோம். அந்தக் கோப்பைத் தொடாதே. சோதனை செய்யாமல் எதையும் அனுப்பாதே" என்று தினமும் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும்.

நோட்டுப் புத்தகம் வந்தது

இதற்காகத்தான் நோட்டுப் புத்தகம் கண்டுபிடித்தார்கள். எந்திரம் வேலையைத் தொடங்கும் முன், குறிப்பு எழுதிய கோப்பு ஒன்று அதன் மேஜையில் வைக்கப்படும். கிளாட் கோட் எந்திரத்துக்கு "கிளாட்.எம்டி" என்ற கோப்பு. வேறு பல எந்திரங்களுக்கு "ஏஜென்ட்ஸ்.எம்டி" என்ற கோப்பு.

குறிப்பு இரண்டு வகை. ஒன்று, மனிதன் எழுதி வைப்பது. மற்றது, எந்திரம் தானே எழுதிக்கொள்வது. "இது பிறகு உதவும்" என்று எந்திரம் நினைப்பதை அது குறித்து வைத்துக்கொள்கிறது. "சாட்ஜிபிடி" என்ற பேசும் எந்திரத்துக்கு 2024 பிப்ரவரியில் இந்த நினைவு சோதனையாகக் கொடுக்கப்பட்டது. 2025 ஏப்ரலில், பழைய பேச்சுகள் எல்லாவற்றையும் பார்த்துப் பதில் சொல்லும் வசதியும் சேர்க்கப்பட்டது.

முதல் வகையில் கவலை குறைவு. எழுதியவருக்கு, தான் எழுதியது என்ன என்று தெரியும். இரண்டாவது வகையில்தான் கவனம் வேண்டும். என்ன எழுதப்பட்டது, எப்போது எழுதப்பட்டது என்று பல பேருக்குத் தெரிவதே இல்லை.

நினைவு இல்லாவிட்டால்?

"அப்படியானால் நினைவே வேண்டாம். தினமும் புது ஆளாகவே வரட்டும்" என்று சிலர் சொல்லலாம். அதுவும் சரி அல்ல.

1998 டிசம்பரில் அமெரிக்கா, செவ்வாய்க் கிரகத்தை ஆராய ஒரு விண்கலத்தை அனுப்பியது. 9 மாதங்களுக்கு மேல் பிரயாணம் செய்து, 1999 செப்டம்பர் 23-ந் தேதி அது செவ்வாயை நெருங்கியது. அத்துடன் தொடர்பு அற்றுப் போயிற்று. கலம் தொலைந்தது.

காரணம் என்ன தெரியுமா? அளவுக் குழப்பம்! தரையில் இருந்த ஒரு புரோகிராம், விசையைப் பவுண்டுக் கணக்கில் கொடுத்தது. அதை வாங்கிய இன்னொரு புரோகிராம், மெட்ரிக் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. மெட்ரிக் அளவில்தான் கொடுக்க வேண்டும் என்ற விதி எழுத்தில் இருந்தது. வேலை நடந்த இடத்தில் அது கவனிக்கப்படவில்லை.

ஒரு வேலையில் மாறாத விதிகள் சில இருக்கும். அவை எப்போதும் கண் முன்னால் இருக்க வேண்டும். அதற்குத்தான் நினைவு. "இங்கே எல்லா அளவும் மெட்ரிக்" என்ற ஒரு வரிக் குறிப்பு தினமும் எந்திரத்தின் மேஜையில் இருந்தால் எவ்வளவு நன்மை!

பழையது கழுத்தை அறுக்கும்

ஆனால் நினைவிலும் ஆபத்து உண்டு. அதற்கு இன்னொரு ராக்கெட் சாட்சி.

1996 ஜூன் 4-ந் தேதி, தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ என்ற இடத்தில் இருந்து "ஏரியன்-5" ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. ஐரோப்பிய நாடுகள் பல ஆண்டுகள் பாடுபட்டுச் செய்த ராக்கெட் அது. சுமார் 40 விநாடிகளில் திசை மாறி, உடைந்து சிதறியது! அதில் இருந்த 4 ஆராய்ச்சிக் கலங்களும் அழிந்தன.

விசாரணைக் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது. ராக்கெட்டுக்கு வழிகாட்டும் கருவியில், பழைய "ஏரியன்-4" ராக்கெட்டின் புரோகிராமை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். பழைய ராக்கெட்டில் அது பழுது இல்லாமல் வேலை செய்தது. புது ராக்கெட்டின் வேகம் வேறு. கணக்கில் வந்த எண், அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. கருவி நின்றுவிட்டது. மாற்றுக் கருவியிலும் அதே புரோகிராம்தான். அதுவும் நின்றுவிட்டது.

இதில் இன்னும் வேதனையான விஷயம் ஒன்று உண்டு. நின்றுபோன அந்தக் கணக்கு, ஏரியன்-5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு தேவையே இல்லை! பழைய ராக்கெட்டுக்காக வைத்தது. "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டார்கள்.

பழைய அறிவு பொய் அல்ல. பழைய இடத்தில் அது உண்மை. புது இடத்திலும் உண்மையா என்று பார்க்காததுதான் தவறு. ஏ.ஐ. எந்திரத்தின் நோட்டுப் புத்தகத்துக்கும் இது பொருந்தும்.

"லாக்4ஜே" என்று ஒரு புரோகிராம் துண்டு உண்டு. நடந்ததைக் குறித்து வைப்பது அதன் வேலை. உலகம் எங்கும் எண்ணற்ற கம்ப்யூட்டர்களில் அது இருக்கிறது. 2021 டிசம்பரில் அதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது வெளியே வந்தது. அந்த ஓட்டை வழியாகத் திருடன் உள்ளே புகுந்து கம்ப்யூட்டரையே பிடித்துக்கொள்ளலாம். 2.14-ம் பதிப்பு வைத்திருந்தவர்களுக்கும் அந்த ஆபத்து இருந்தது.

அதற்கு முன்னால், "இங்கே லாக்4ஜே 2.14-ஐத்தான் போட வேண்டும்" என்று ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தால், எழுதிய நாளில் அது நல்ல குறிப்பு. பிறகு அது திருடனுக்குத் திறந்து விட்ட கதவு! குறிப்பு மாறவில்லை. உலகம் மாறிவிட்டது.

தீர விசாரிப்பதே மெய்

எந்திரம் என்ன செய்ய வேண்டும்?

குறிப்பைப் படிக்கட்டும். ஆனால் அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. நோட்டில் "பணம் கூட்டும் பகுதி இந்தக் கோப்பில் இருக்கிறது" என்று இருந்தால், அந்தக் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். அந்தப் பகுதி அங்கே இருக்கிறதா, போன வாரம் யாராவது வேறு இடத்துக்கு மாற்றினார்களா என்று கவனிக்க வேண்டும். நோட்டும் கோப்பும் முரண்பட்டால் கோப்பைத்தான் நம்ப வேண்டும். நோட்டைத் திருத்த வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா?

"ஒவ்வொன்றையும் சோதித்துக்கொண்டு இருந்தால் வேலை எப்போது முடியும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

சோதனை, வேலைக்குத் தகுந்தபடி இருக்கட்டும். வரியின் முன்னால் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது சின்ன விஷயம். நோட்டை நம்பிச் செய்யலாம். தப்பினாலும் நஷ்டம் இல்லை. ஆனால் கணக்கை அழிப்பது, பணத்தை மாற்றுவது, வாடிக்கைக்காரர்களுக்குக் கடிதம் அனுப்புவது போன்ற வேலைகள் அப்படி அல்ல. அழிந்தால் அழிந்ததுதான். அங்கே நோட்டை மட்டும் நம்பி ஓர் அடிகூட வைக்கக் கூடாது.

நேற்றைய அனுமதி இன்றைக்கு ஆகாது

ஒரு கம்பெனியில் ஒரு பெண் வேலை செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் இரவு 10 மணி. அவசர வேலை. "இன்றைக்குச் சோதனையை விட்டுவிடு, நேரம் இல்லை" என்று எந்திரத்துக்குச் சொல்கிறாள். எந்திரம் என்ன எழுதிக்கொள்கிறது? "இவருக்குச் சோதனை பிடிக்காது. இனிமேல் சோதனை வேண்டாம்!"

ஒரு நாளைக்குச் சொன்னது நிரந்தரச் சட்டம் ஆகிவிட்டது. அவளுக்கு அது தெரியாது. சோதனை நடப்பதாகவே அவள் நம்பிக்கொண்டு இருப்பாள். ஒரு மாதம் கழித்துத் தவறு வெளியே வரும்போது கேள்வி யாருக்கு? எந்திரத்தை யாரும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள். அவள்தான் அதிகாரி முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

ஆகவே, ஒரு தடவைக்குக் கொடுத்த அனுமதி வேறு, என்றைக்கும் உள்ள விதி வேறு. "இதை எப்போதும் இப்படியே செய்" என்று மனிதன் சொன்னால் மட்டும் விதியாக எழுதலாம். சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டும். "இது இன்றைக்கு மட்டுமா, எப்போதுமா?" என்ற ஒரே கேள்வி போதும்.

அதிலும் அபாயமான வேலைக்கு நேற்று கொடுத்த அனுமதி, நேற்றோடு முடிந்தது. "போன வாரம் அழிக்கச் சொன்னீர்கள், ஆகவே இன்றும் அழித்தேன்" என்ற பதிலை எந்த முதலாளியும் ஒப்புக்கொள்ள மாட்டார். எந்திரம் சொன்னாலும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

எழுதக் கூடாதவை

சில விஷயங்கள் நோட்டில் ஏறவே கூடாது.

முதலாவது, ரகசியச் சொல். பாங்கிக் கணக்கைத் திறக்கும் சொல்லையும், கம்பெனிக் கதவைத் திறக்கும் சொல்லையும் எழுதி வைப்பது, பெட்டிச் சாவியை வாசலில் மாட்டி வைப்பது போன்றது.

இரண்டாவது, ஓர் இடத்துச் செய்தி இன்னோர் இடத்துக்குப் போகக் கூடாது. ஒரே ஆள் இரண்டு வாடிக்கைக்காரர்களுக்கு வேலை செய்வது உண்டு. ஒருவருடைய வேலையில் கற்றது மற்றவருடைய வேலையில் எட்டிப் பார்த்தால் அது நம்பிக்கைத் துரோகம். நோட்டு வேலைக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஆளைப் பற்றிய அபிப்பிராயம். "இவர் அடிக்கடி தவறு செய்கிறார்", "இவருக்கு வீட்டில் கஷ்டம்" என்று எந்திரம் எழுதி வைக்க வேண்டிய அவசியம் என்ன? களைப்பில் ஒருவர் சொன்ன வார்த்தை, மறுநாள் அவர் முன்னால் வந்து நிற்கக் கூடாது. அந்த நோட்டு மேலதிகாரி கைக்குப் போனால் அவருடைய வேலைக்கே ஆபத்து. புரோகிராம் பற்றிய குறிப்பு போதும். மனிதரைப் பற்றிய குறிப்பு வேண்டாம்.

நான்காவது, அன்னியர் எழுதியது. எந்திரம் வேலைக்காக வெளியே உள்ள பக்கங்களையும் படிக்கிறது. "இதை உன் நினைவில் எழுதிக்கொள்" என்று அந்தப் பக்கத்தில் ஒருவன் ஒளித்து வைத்திருந்தால்? 2024-ல் ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் இதைச் செய்தே காட்டினார். வெளிப் பக்கம் ஒன்றின் மூலம், சாட்ஜிபிடி-யின் நினைவில் பொய்யான கட்டளையைப் பதிய வைக்க முடிந்தது. அந்தப் பேச்சு முடிந்த பிறகும் கட்டளை நிலைத்து நின்றது. ஒரு நாள் வைத்த விஷம் தினமும் வேலை செய்யும்! எனவே நோட்டில் எழுதச் சொல்லும் உரிமை, வேலை வாங்குகிறவருக்கு மட்டும்தான். வெளியில் படித்ததை அவரைக் கேட்காமல் எழுதக் கூடாது.

நோட்டு தடித்தால் புத்தி மழுங்கும்

"எழுதி வைக்க இடம் மலிவு. எல்லாவற்றையும் எழுதி வைத்தால் என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

இடம் மலிவுதான். கவனம் மலிவு அல்ல. 2023-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நீளமான செய்தியை எந்திரங்களுக்குக் கொடுத்து, அதில் இருந்து கேள்வி கேட்டார்கள். விடை ஆரம்பத்திலோ முடிவிலோ இருந்தால் எந்திரம் நன்றாகப் பதில் சொன்னது. நடுவில் இருந்தால் தடுமாறியது.

500 வரிக் குறிப்பில் முக்கியமான ஒரு வரி நடுவில் கிடந்தால், அது இருந்தும் இல்லாதது போல்தான். நோட்டு சுருக்கமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் தேதி இருக்க வேண்டும். யார் சொன்னது, ஏன் சொன்னது என்பதும் இருக்க வேண்டும். "இந்தக் கோப்பைத் தொடாதே" என்றால், ஏன் என்று தெரிந்தால்தான், காரணம் நீங்கிய பிறகு குறிப்பையும் நீக்கலாம். காரணம் தெரியாத விதியை எடுக்க யாருக்கும் துணிவு வராது. 

மளிகைக் கடைக்காரர் என்ன செய்கிறார்? பற்று வரவு நோட்டில் கடன் தீர்ந்ததும் அடித்து விடுகிறார். அடிக்காத நோட்டால் வீண் சண்டைதான் வரும்.

திறந்து காட்ட வேண்டும்

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. எந்திரம் என்ன எழுதி வைத்திருக்கிறது என்பதை, வேலை செய்கிறவர் எப்போது வேண்டுமானாலும் பார்க்க வேண்டும். திருத்த வேண்டும். அழிக்க வேண்டும். ஒரு பழைய குறிப்பை நம்பி எந்திரம் ஒரு காரியம் செய்தால், "இந்தத் தேதிக் குறிப்பைப் பார்த்துச் செய்தேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் தவறைப் பிடிக்க முடியும்.

இது புதிய கோரிக்கை அல்ல. தங்களைப் பற்றி எழுதி வைத்த தகவலை அழிக்கச் சொல்லும் உரிமை, ஐரோப்பாவில் 2018 மே மாதம் முதல் சட்டமாக நடைமுறையில் இருக்கிறது. இந்திய நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்திலும், திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. மனிதரைப் பற்றிய தகவலுக்குச் சட்டம் சொல்லும் இந்த நியாயத்தை, வேலை நோட்டுக்கும் எந்திரம் செய்கிறவர்கள் தாமே கொடுக்க வேண்டும்.

வேலை செய்கிறவர்களுக்கும் கடமை உண்டு. வாரத்துக்கு ஒரு முறை நோட்டைத் திறந்து பார்க்கட்டும். பழையதை அடிக்கட்டும். புரியாததைக் கேட்கட்டும். 10 நிமிட வேலைதான்.

முதலாளிகளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்திரத்துக்கு நினைவு வந்துவிட்டது, இனி அனுபவம் உள்ள ஆள் எதற்கு என்று எண்ணுவது தவறு. நோட்டில் இருக்கும் ஒரு வரி இன்றைக்கும் உண்மையா, காலாவதி ஆனதா என்று சொல்லக் கூடியவர், அந்த வேலையில் பழகிய மனிதர்தான். அவரை அனுப்பிவிட்டால் நோட்டு மட்டும் மிஞ்சும். அதைச் சரிபார்க்க ஆள் இருக்காது.